திரும்பிக் கிடந்த மலை

கார்த்திகை 10, செவ்வாய்

விடாத மழை. ரயில் இல்லை, அலுவலகம் இல்லை; லேப்டாப்போடு வீட்டில். பால் வாங்கணும்.

மணவூர் பக்கம் அக்கா வயலுக்குப் போகும் ஓடையில் வெள்ளம். நீந்தியாவது போய்ப் பயிரைப் பார்ப்பேன் என்று அக்கா வீட்டுக்காரர் பாவா ஒற்றைக்காலில் நிற்கிறார். அக்கா போனில் அழுகை.

"போவாதீங்க பாவா. சேட்டிலைட் படம் பாத்து நான் சொல்றேன்."

"மேகம் மூடிகினு கீதே, எப்டிம்மா தெரியும்?"

"இது ரேடார். மேகத்தைத் தாண்டிப் பாக்கும்."

"சரி. நீ சொல்றவரைக்கும் போவல."

உடனே தரவை இறக்கப் போட்டேன்.

புதன்

கரண்ட் போய்ப் போய் வந்தது. தரவு ஒருவழியாக இறங்கியது. வருடக்கணக்காக இதே வேலை, ஆச்சரியம் மட்டும் தீரவில்லை. அனுப்பிய அலை தரையில் பட்டுத் திரும்பிய எதிரொலி, அவ்வளவுதான் வருவது. திறந்தால் வெறும் இரைச்சல், ஒரு மண்ணும் புரியாது. சேட்டிலைட் பறந்துகொண்டே கேட்ட ஆயிரக்கணக்கான எதிரொலிகளைச் சேர்த்துக் கணக்குப் போட்டால் ஏரிக்கரை எழுந்து வருகிறது. ரயில் பாதை வருகிறது. அம்மாடி!

தண்ணீர் என்றால் கறுப்பு. அலை வழுக்கி அப்பால் போய்விடும். ஏரிக்கு வலப்பக்கம் அக்கா நிலம். முழுக்கக் கறுப்பு.

பயிர் மூழ்கிப்போச்சு என்று சொல்லிவிட்டேன். பாவா போனை அக்காவிடம் கொடுத்துவிட்டார். சாப்பிடவும் இல்லையாம்.

வியாழன்

தூறல். துணி காயவில்லை.

மனசு கேட்காமல் முழுப் படத்தையும் பார்த்தேன். திருத்தணி மலை ஏரிக்கு வலப்பக்கம்! அது இடப்பக்கம் அல்லவா இருக்க வேண்டும்? வரைபடத்தோடு பொருத்தாமலே பார்த்திருக்கிறேன். பொருத்துவதற்கு முன் படம் இடம் வலமாக மாறித்தான் கிடக்கும். அவசரக்குடுக்கை நான். நேற்று பார்த்தது ஏரிக்கு அந்தப் பக்கத் தரிசுப் பள்ளம்.

பொருத்தினேன். ஊரே திரும்பியது. ஒருபக்கமாகச் சாய்ந்து படுத்திருந்த மலை நிமிர்ந்து தன் இடத்தில் நின்றது. கை தானாகக் கும்பிட்டது.

அக்கா வயல் பளிச்சென்று வெள்ளை. பயிர் தண்ணீருக்கு மேல் நின்றால்தான் அப்படி. அலை தண்ணீரில் பட்டு, பயிர்த் தண்டிலும் பட்டு, பலமாகத் திரும்பி வரும்.

"நேத்து போச்சுன்ன. இன்னிக்கு நிக்குதுன்ற. நானே போய்ப் பாத்துக்கறேன்."

"தப்பு என்னுதுதான் பாவா. பயிர் நிக்குது. தண்ணி வடியட்டும், அப்புறம் போங்க."

வைத்துவிட்டார். அக்கா போனை எடுக்கவில்லை. பயம்.

வெள்ளி

வெயில்! நேற்று பாவா ஓடை வரை போய், கரையிலேயே உட்கார்ந்திருந்து திரும்பிவிட்டாராம். இன்று தண்ணீர் கணுக்காலளவு. வயலிலிருந்து போன். முதலில் காற்றுச் சத்தம்தான்.

"ஆங்... நிக்குதும்மா. அப்டியே நிக்குது."

போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"அந்த சேட்டிலைட் மறுபடி எப்போ நம்ம பக்கம் வரும்?"

"கொஞ்ச நாள் ஆவும் பாவா."

"வர்ற நேரம் சொல்லு. வயல்ல வந்து நிக்கறேன்."

படத்தில் ஒரு புள்ளியே ஒரு வீட்டின் அகலம். ஆள் தெரியாது.

சொல்றேன் பாவா என்றேன்.