மறுவீட்டுக்குப் பதிலாக ஒரு தீவு

கும்மிடிப்பூண்டி,
5-2-1979

அன்புள்ள பாக்கியநாதனுக்கு,

தேசப்பன் எழுதுவது. இங்கே நானும் என் தொப்பையும் சுகம். தொப்பை கொஞ்சம் கூடுதல் சுகம். போர்ட் பிளேரில் நீயும் உன் வீட்டாரும் கொசுக்கடியைத் தவிர வேறு குறையில்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

என் மகன் துளசிராமனுக்கும், என் தங்கை தாயாரம்மாளின் மகள் செண்பகத்துக்கும் போன வாரம் பெரியபாளையத்தம்மன் கோயிலில் கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. உறவுக்காரர்கள் மட்டும்தான், ஆபீஸில் யாரையும் கூப்பிடவில்லை. நீ அனுப்பிய பரிசு வந்தது. “கல்யாண ஊட்டுக்கு எவனாவது சங்கு அனுப்புவானா” என்று செங்கம்மாள் அதைப் பரண்மேல் போட்டுவிட்டாள். என் மனைவியின் கோபம் உனக்குத் தெரியாததா? அடுத்த முறை சோழி அனுப்பு.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். பிள்ளைகளை ஹனிமூனுக்கு அனுப்பப்போகிறேன். சிரிக்காதே. எனக்குக் கல்யாணமானபோது ஒரே மாட்டுவண்டியில் மொத்தக் குடும்பமும் ஏறிப் பெரியபாளையத்துக்குப் போனோம். செங்கம்மாளின் முகத்தை நான் ஒழுங்காகப் பார்த்ததே திரும்பி வந்த பிறகுதான். அதற்குள் காலம் கடந்துவிட்டது. பிள்ளைகளாவது முன்கூட்டியே பார்த்துக்கொள்ளட்டும்.

எங்கள் இரும்பாலை மேனேஜர் ஜெயராஜ் சாரிடம், “பையன் ஒரு தீவுக்குப் போறான் சார், கடற்கரைத் தீவு” என்று வாயை விட்டுவிட்டேன். உடனே டைம் ஆபீஸ் முழுக்க நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தது. எந்தத் தீவு என்று முடிவு செய்யும் பொறுப்பை அவர்களே எடுத்துக்கொண்டார்கள். ராமேஸ்வரம் என்றார் ஒருவர். அது பாவம் கழுவுகிற ஊர், இன்னும் பாவமே தொடங்காதவர்களுக்கு அங்கே என்ன வேலை என்று தள்ளுபடி. இலங்கைக்கு பாஸ்போர்ட் வேண்டும். லட்சத்தீவுக்கு அனுமதிச் சீட்டு வேண்டுமாம். கடைசியில் கணக்குப் பிரிவு மோசஸ் தீர்ப்புச் சொன்னார்: ஆயுள் தண்டனைக்கு என்றே வெள்ளைக்காரன் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்த இடம் அந்தமான், கல்யாணத்துக்கு அதைவிடப் பொருத்தமான இடம் உண்டா என்று. அப்படித்தான் உன் தலையில் விடிந்தது.

செண்பகத்திடம் சொன்னேன். “தீவுன்னா இன்னா மாமா? சுத்தித் தண்ணி, நடுவுல மணலு, அதானே? எங்க ஊரே அப்பிடித்தானே கீது” என்றாள். பழவேற்காடு ஏரிக்கும் கடலுக்கும் நடுவே, படகில் மட்டுமே போகக்கூடிய மணல்திட்டில் பிறந்த பெண் வேறு எப்படிக் கேட்பாள்? நீயும் நானும் அதே திட்டில் பிறந்தவர்கள்தான் என்பது இங்கே யாருக்கும் தெரியாது. நீயும் உறையின் மேல் எழுதிவைக்காதே.

மறுவீட்டுக்கு எப்போது போகிறோம் என்றும் கேட்டாள். திரும்பி வந்து பார்த்துக்கொள்ளலாம், உன் அம்மாவிடம் சொல்லியாயிற்று என்றேன். அதைப் பற்றி நீ ஒன்றும் கேட்காதே.

கடற்கரைப் பக்கமாக ஓர் அறை பார்த்துவை. அடுத்த கப்பலில் ஏற்றிவிடுகிறேன்.

உன் பிரியமுள்ள,
தேசப்பன்


கும்மிடிப்பூண்டி,
26-2-1979

அன்புள்ள பாக்கியநாதனுக்கு,

தேசப்பன் எழுதுவது. பிள்ளைகள் பத்திரமாக வந்து சேர்ந்த தந்தி கிடைத்தது. இந்தக் கடிதத்தை அவர்கள் பார்க்காத இடத்தில் உட்கார்ந்து படி.

ஹனிமூன் என்று போன கடிதத்தில் அளந்தேன் அல்லவா, அதன் நிஜக் காரணத்தைக் கேள். என் மச்சான், தாயாரம்மாளின் புருஷன் திருமலை, இறால் ஏற்றுமதி செய்கிறார், கடலோரத்தில் தென்னந்தோப்பு இருக்கிறது என்று ஆபீஸில் நெடுநாளாகச் சொல்லிவைத்திருக்கிறேன். இறாலைத் தண்ணீரிலிருந்து கரைக்கு ஏற்றுகிற மனிதர், அதனால் முழுப் பொய் இல்லை. தோப்பு என்பது குடிசை ஓரத்தில் இரண்டு மரம். மேனேஜர் என்னடாவென்றால், “கல்யாணத்துக்குத்தான் கூப்பிடலை, மறுவீட்டுக்காவது வரேன், உங்க மச்சானோட தோப்புல இளநீர் குடிக்கணும்” என்று கிளம்பிவிட்டார். கால் சட்டையை மடித்துக்கொண்டு சேற்றில் இறங்கி அவர் அந்தக் குடிசைக்கு நடப்பதை நினைத்துப் பார்த்தேன். அந்தக் கணத்தில் பிறந்ததுதான் தீவு. மறுவீடெல்லாம் இந்தக் காலத்தில் யார் சார் செய்கிறார்கள் என்று சொல்லிவிட்டேன்.

தங்கைக்கு வேறு கதை சொல்லி அனுப்பினேன். துளசிராமனைக் கம்பெனி வேலையாகக் கப்பலில் அனுப்புகிறார்கள், செண்பகமும் கூடப் போகிறாள், மறுவீடு பிறகு என்று. “அண்ணன் சொன்னா சரிதான், வேலைதானே முக்கியம்” என்று அவள் பதில் சொல்லி அனுப்பினாள். அப்பாடா என்று இருந்தேன்.

ஒன்றை மறந்துவிட்டேன், பாக்கியநாதா. ஏரியில் வலை போடும் இடத்துக்குப் ‘பாடு’ என்று பேர் சொல்லி, சீட்டுப் போட்டு ஆளுக்கு ஒரு முறை வைப்பார்களே, உனக்கு நினைவிருக்கும். ஒரு வீட்டுப் பெண் மறுவீடு வரும் நாளில், முகத்துவாரத்துப் பாட்டை, அதாவது நிறைய விழுகிற அந்த இடத்தை, ஊரே அந்தத் தகப்பனுக்கு விட்டுக்கொடுக்கும். ஒரு பெண்ணுக்கு ஒரு தடவைதான். குறித்த நாளை மாற்ற மாட்டார்கள். ஆலையில் எவன் எப்போது உள்ளே வந்தான், எப்போது வெளியே போனான் என்பதெல்லாம் நினைவிருக்கிற எனக்கு இது மட்டும் நினைவில் இல்லை.

குறித்த நாளில் திருமலை வலை போட்டிருக்கிறார். அப்படி ஒரு இறால் பல வருஷமாக விழுந்ததில்லையாம். மாப்பிள்ளைதான் வரவில்லை, மாப்பிள்ளை வீட்டுக்கு இறாலாவது போகட்டும் என்று, புருஷனும் பெண்டாட்டியும் கூடையைத் தூக்கிக்கொண்டு படகேறி, பஸ் ஏறிக் கும்மிடிப்பூண்டிக்கு வந்துவிட்டார்கள். செங்கம்மாள் ஊத்துக்கோட்டையில் அவள் அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தாள். வீடு பூட்டிக் கிடக்கவே, நேராக ஆலை வாசலுக்கு வந்தார்கள்.

ஷிப்ட் விடுகிற நேரம். மேனேஜர் காரில் ஏறப்போகிறார், பக்கத்தில் பைலோடு நான். வாட்ச்மேன் என்னிடம் ஓடி வந்து, “சார், இந்தம்மா உங்களைத்தான் கேக்குது” என்றான். மேனேஜர் கூடையைப் பார்த்து, “யாரு தேசப்பன்?” என்று கேட்டார்.

என் வாய், “மீன் விக்கிறவங்க சார், நமக்கு வாடிக்கை” என்றது.

மச்சான் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். தாயாரம்மாள் அவர் கையைப் பிடித்து அழுத்தினாள். கூடையை இறக்கி வைத்து, மேலே மூடியிருந்த ஈரச்சாக்கை விலக்கி, “ஆமா சாரு, இப்ப புடிச்ச எறா, பாருங்க, மீசை ஆடிக்கினு கீது” என்றாள். மேனேஜர் குனிந்து பேரம் பேசினார். அவளும் விடவில்லை. “இந்த வெலைக்கு மீசை மட்டும்தான் வரும் சாரு, ஒடம்பு வராது” என்றாள். சுற்றி நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன். அச்சு அசல் மீன்காரியாக இருந்தாள், என் மானத்தைக் காப்பாற்ற.

மேனேஜருக்குக் கட்டிக் கொடுத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள். “நீங்களும் ஒரு கூறு எடுத்துக்குங்க சாரு. வாடிக்கையாச்சே” என்றாள். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். நான் சட்டைப் பையில் கைவிட்டுப் பணம் கொடுத்தேன். அவள் வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள். பிறகு இருவரும் பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தார்கள். மச்சான் மட்டும் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார்.

ஊரிலிருந்து வந்த செங்கம்மாளிடம் சொன்னேன். மறைக்க முடியாது, வீடெல்லாம் வாசனை. “கூடப் பொறந்தவ மறுவீட்டு எறாவ துட்டு குடுத்து வாங்கினு வந்துகிறியே, இத நான் எந்தச் சட்டியில போட்டு ஆக்கறது” என்று கேட்டாள். அவள் தொடவில்லை. எங்கள் தெரு நாய்கள்தான் மறுவீடு சாப்பிட்டன.

பொறுக்க முடியாமல் ஒரு நாள் மேனேஜர் அறைக்குள் போய், அன்று வந்தது என் தங்கை, நானும் அந்தத் திட்டில் பிறந்தவன்தான் என்று சொல்லிவிட்டேன். வேலை போய்விடும் என்றுகூட நினைத்தேன். அவர், “அப்படியா? ரொம்ப நல்ல இறால். முன்னாடியே சொல்லியிருந்தா பேரம் பேசியிருக்க மாட்டேனே” என்று சொல்லிவிட்டுப் பைலுக்குத் திரும்பிவிட்டார். அவ்வளவுதான். இந்த ஒரு வாக்கியத்துக்குப் பயந்துதான் இரண்டு பிள்ளைகளைக் கடல் தாண்டி அனுப்பியிருக்கிறேன்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை. பழவேற்காடு படகுத்துறைக்குப் போனேன், அவள் காலில் விழுவது என்று. திருமலை வீட்டுக்குப் போகவேண்டும் என்றேன். படகுக்காரன் என்னை மேலும் கீழும் பார்த்தான். “மறுவீடு முடியல, சம்பந்தி தனியாவா போறீங்க? பொண்ணு மேல எதுனா கொறையா நைனா?” என்று மெதுவாகக் கேட்டான். அந்த வழக்கமும் எனக்கு மறந்துபோயிருக்கிறது பார். மறுவீட்டுக்கு முன், பெண்ணும் மாப்பிள்ளையும் இல்லாமல் மாப்பிள்ளையைப் பெற்றவன் தனியாகக் கரையேறினால், பெண்ணைத் திருப்பி அனுப்பப்போகிறான் என்று அர்த்தம். என்னைத் தனியாகப் பார்த்தால் தாயாரம்மாள் அதே இடத்தில் உட்கார்ந்துவிடுவாள். மன்னிப்புக் கேட்கக்கூட என்னால் தனியாகப் போக முடியாது. படகு போய்விட்டது, நான் திரும்பி வந்துவிட்டேன்.

அதனால்தான் உன்னைக் கேட்கிறேன். செண்பகத்திடம் நீ சொல்லவேண்டும். நானே அவளுக்கு எழுதலாம் என்று இரண்டு தாள் கிழித்தேன். கூசுகிறது. எதையும் குறைத்துச் சொல்லாதே, எனக்காகப் பரிந்து பேசாதே. துளசிராமனுக்கு மறுவீட்டு விஷயம் எதுவும் தெரியாது, அவனை அவள் கோபித்துக்கொள்ள வேண்டாம் என்பதை மட்டும் சேர்த்துச் சொல். அழுதால் உன் மனைவி பக்கத்தில் இருக்கட்டும்.

கப்பல் திரும்பியதும் பிள்ளைகள் துறைமுகத்திலிருந்து நேராகப் பழவேற்காடு போகட்டும். செங்கம்மாள் தாம்பூலத் தட்டோடு துறையில் இருப்பாள். நானும் அந்தப் படகில் ஏறலாமா என்று செண்பகத்திடம் கேட்டு ஒரு வரி எழுது. வேண்டாம் என்றால் கரையிலேயே நிற்கிறேன்.

அவளுக்கு என் ஆசீர்வாதம் என்று எழுத வந்தேன், பேனா நகரவில்லை. அவளைப் பெற்றவளின் ஆசீர்வாதம் என்று சொல்லிவிடு. அதில் இன்னும் ஒரு குறையும் இல்லை.

இப்படிக்கு,
தேசப்பன்