ஆபரேஷன் வேண்டாம் என்றார்கள்

பழவேற்காடு
11-9-1986

அன்பு மகன் கௌஸ் மைதீனுக்கு உன் வாப்பா எழுதிக்கொள்வது, அஸ்ஸலாமு அலைக்கும். நீ அங்கே சுகமாக இருக்க அல்லாஹ்விடம் கேட்டுக்கொண்டே இருக்கிறேன். இங்கே எல்லாரும் சுகம் என்று வழக்கம்போல எழுதக் கை வரவில்லை. ஆபரேஷன் வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார், நீ அவசரப்பட்டு வராதே என்று உம்மா சொல்லச் சொல்ல உன் தங்கை ஜைனம்பு எழுதிய கடிதம் இதற்கு முன்னால் வந்திருக்கும். அதில் பொய் ஒன்றும் இல்லை, டாக்டர் அப்படித்தான் சொன்னார். நாங்கள்தான் தப்பாக விளங்கிக்கொண்டோம்.

காமாலை என்று இரண்டு மாதம் உம்மாவுக்குக் கீழாநெல்லி கொடுத்தோம். கண் மஞ்சள் குறையவில்லை, உடம்பெல்லாம் அரிப்பு, சோறு இறங்கவில்லை. மெட்ராஸில் காட்டினால் வயிற்றுக்குள் கட்டி, அறுப்பதற்கு முன்னால் கம்ப்யூட்டர் ஸ்கேன் எடுக்கணும் என்றார்கள். பெரிய வளையத்துக்குள் படுக்க வைத்து மூச்சை அடக்கு, விடு என்று முக்கால் மணி நேரம் பாடாய்ப் படுத்தினார்கள். மறுநாள் ஒரு சின்ன டாக்டர் வந்து, ஆபரேஷன் வேணாம், வீட்டுக்கு இட்டுனு போங்கனு சொன்னார். கத்திக்குப் பயந்து கிடந்தவள், படுத்தபடியே அல்ஹம்துலில்லாஹ் என்றாள். நானும் சொன்னேன். வேண்டாம் என்றால் தேவையில்லை என்றுதானே நினைப்போம், கட்டி மாத்திரையிலேயே கரைந்துவிடும் என்று நம்பினோம். வீட்டுக்கு வந்து பாத்திஹா ஓதித் தெருவுக்கே நெய்ச்சோறு போட்டோம். நமக்கு எறால் போடுகிற கோட்டைக்குப்பத்து சகாதேவன், கத்தி படாம தப்பிச்சிட்டாங்க பாய், இன்னா அதிர்ஷ்டம்னு என் கையைப் பிடித்துக்கொண்டான்.

நேற்று ஸ்கேன் படத்தை வாங்க நான் மட்டும் போனேன். பெரிய டாக்டர் என்னை உட்கார வைத்து, படத்தை வெளிச்சத்தில் மாட்டிக் காட்டினார். இரைப்பைக்குப் பின்னால் கணையம் என்று ஒன்று இருக்கிறதாம், இந்த வயதில்தான் கேள்விப்படுகிறேன். அதில் இருக்கிற கட்டி, ஈரலுக்குப் போகிற பெரிய ரத்தக் குழாயைச் சுற்றி வளைத்துக்கொண்டதாம். ஈரலிலும் இரண்டு புள்ளி. முன்பெல்லாம் வயிற்றைத் திறந்த பிறகுதான் இது தெரியும், பார்த்துவிட்டு அப்படியே தைத்து அனுப்புவோம், இப்போது படத்திலேயே தெரிந்துவிட்டது, அந்த வலியாவது அவங்களுக்கு மிச்சம் என்றார். வேண்டாம் என்றால் முடியாது என்று அர்த்தமா என்று கேட்டேன். ஆமாம் என்றார். மூன்று மாதம், கூடினால் நான்கு. திரும்பி வரும்போது பொன்னேரி வரைக்கும் பஸ்ஸில் அழுதுகொண்டே வந்தேன், கண்டக்டர் டிக்கெட்டுக்குக்கூட என்னைக் கூப்பிடவில்லை.

என்னால் தாங்க முடியவில்லை மகனே. ஜைனம்புக்குக்கூட இன்னும் சொல்லவில்லை. இன்று காலை உம்மா தலை வாரிக்கொண்டே, கௌஸு ரெண்டு வருசத்த முடிச்சினே வரட்டும், நான் இன்னா எங்கியாச்சும் ஓடியா போறேன்னு சிரிக்கிறாள். தொழப் போகிறேன் என்று நான் வெளியே வந்துவிட்டேன்.

டாக்டர் எழுதித் தந்த சீட்டை இதோடு வைத்திருக்கிறேன், உன் அரபி முதலாளியிடம் காட்டி உடனே லீவு கேள். தொழுகையை விடாதே, வேளைக்குச் சாப்பிடு. பதிலில் இதைப் பற்றி ஒரு எழுத்தும் கூடாது, உன் கடிதத்தை ஜைனம்பு உம்மாவுக்கு உரக்கப் படித்துக் காட்டுவாள். கம்பெனி தானாக லீவு கொடுத்தது என்று மட்டும் எழுது. அல்லாஹ் உன்னைப் பத்திரமாக வீடு சேர்க்கட்டும். அழ வேண்டியதை அங்கேயே அழுது முடித்துவிட்டு வா.

உன் வாப்பா
மு. அப்துல் ரவூப்