மேரி அக்காவுக்கு வேண்டாத பெட்டி

வியாழன், இரவு

ஸ்ரீராம்புரத்தில் இன்று ஒரு கூட்டம்; செய்தி சேகரிக்கப் போயிருந்தேன். வீட்டுக் குழாயில் தண்ணீர் வந்ததும் சத்தம் கொடுக்கும் சின்னப் பெட்டி ஒன்றை, ஒரு சந்தில் வசிக்கும் பெண்களும் சில பொறியாளர்களும் சேர்ந்து உருவாக்கியிருக்கிறார்கள். விலை மலிவு. அங்கே தண்ணீர் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. முதலில் பார்ப்பவர் மற்ற வீட்டுக் கதவுகளைத் தட்டி எழுப்புவதுதான் இதுவரை வழக்கம்.

வீட்டுக்கு ஒரு பெட்டி என்று பேசியபோது, தனியாக வாழும் மேரி அக்கா மட்டும் கை தூக்கவில்லை.

"எனக்கு வேணாம்மா. செல்வி வீட்ல ஒண்ணு வச்சா போதும். அவ எழுப்பிடுவா."

"ஏன்க்கா, ஷாக் அடிக்கும்னு பயமா?" என்றாள் பக்கத்து வீட்டு செல்வி.

"எல்லார் வீட்லயும் அது கத்துனா என் கதவ யாரு தட்டுவா?"

"நான் தட்டறேன். காபி மட்டும் போட்டு வை."

"ஒரு வாரம் தட்டுவ. அப்புறம்?"

மற்றவர்கள் சிரித்தார்கள். வீட்டுக்கு ஒன்று என்றே முடிவானது.

மேரி அக்கா சொன்னதை அப்படியே செய்தியில் எழுதி அனுப்பினேன். புதுப் பொருள் என்றால் சிலருக்குப் பயம் என்று அலுவலகத்தில் மாற்றிவிட்டார்கள். போனில் விளக்கிப் பார்த்தேன். அவர்களுக்கு அவசரம்.

காக்ஸ் டவுனில் என் அடுக்குமாடிக் குடியிருப்பில் தொட்டி தானாக நிரம்புகிறது, மோட்டார் தானாக நிற்கிறது. இங்கே குடிவந்த பிறகு, தண்ணீர் வந்துவிட்டது என்று யாரும் என்னை எழுப்பியதில்லை.