ஏரிக்குத் தண்ணீர் வரும் வழி

இன்று காலை மழை விட்டதும் கூடாரத் துணிகளை மொட்டைமாடிக்கு எடுத்துப்போய் உதறினேன். ஈரமும் விறகுப் புகையும் ஏரிச் சேறும் கலந்த வாசனை குப்பென்று அடித்தது. எத்தனை முறை துவைத்தாலும் போகாத வாசனை. பெசன்ட் நகரில் என் வீட்டு மாடியில்தான் நின்றேன். ஆனாலும் சற்று நேரம் மதுராந்தகம் பக்கத்து ஏரிக்கரையில் உன்னோடு நின்றதுபோல இருந்தது. நீ போன பிறகு வரும் முதல் மழைக்காலம் இது.

நாம் இருவரும் ஒரே ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்த்தோம். நீ மயிலாப்பூர் மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் பிறந்து வளர்ந்தவள். எதிரில் யார் உட்கார்ந்திருந்தாலும் உன் பேச்சு மாறாது. ஞாயிற்றுக்கிழமைகளில் அடையாறு முகத்துவாரத்துக்குப் பறவை பார்க்கப் போவாய், என்னையும் இழுத்துக்கொண்டு. ஒருநாள் மாலை எலியட்ஸ் கடற்கரையில் நடந்துகொண்டிருந்தபோது மதுராந்தகம் பக்கத்திலிருக்கும் உன் மாமியார் ஊரைப் பற்றிச் சொன்னாய்.

"ஊரை ஒட்டி அவ்ளோ பெரிய ஏரி கீதுடி. பொம்பளப் பசங்க ஒருத்தியும் கரை மேல ஏறினதில்ல. பஸ் ஏறுனா ஸ்கூலு, எறங்குனா வூடு. அவ்ளோதான்."

அந்தப் பெண்களை இரண்டு நாள் ஏரிக்கரையில் கூடாரம் போட்டுத் தங்கவைத்து, தண்ணீரையும் பறவைகளையும் நிதானமாகப் பார்க்க விடவேண்டும் என்பது உன் ஆசை. அதற்குச் சாப்பாடு வேண்டும், கூடாரம் வேண்டும், தொலைநோக்கி வேண்டும், பெற்றோர் நம்பி அனுப்பத் துணைக்குப் பெண்கள் வேண்டும். நம்மிடம் அந்த ஆசையைத் தவிர வேறு ஒன்றும் இல்லை.

யார் யாரிடமோ போனோம். எனக்கு ஒருவரிடம் கேட்பதென்றாலே நா எழாது. "நமக்கா கேக்குறோம்? அப்புறம் இன்னா வெக்கம்?" என்பாய். தி. நகரில் ஒரு ஜவுளிக்கடை முதலாளி, திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், கல்லாவை விட்டு எழாமலே கேட்டார்: "ஏம்மா, கிராமத்துப் பிள்ளையளுக்கு எதுக்கும்மா இயற்கைப் பாடம்? அதுக அதுலயேதான கெடக்கு?"

நான் எழுந்துவிடப் பார்த்தேன். நீ நாற்காலியை இன்னும் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாய்.

"சார், நான் மயிலாப்பூர்க்காரி. எங்க வூட்ல இருந்து கடலு கூப்புடு தூரம். எனக்கு நீச்சல் தெரியாது. பொண்ணாச்சேன்னு ஒருத்தரும் தண்ணியில வுடல. பக்கத்துல கீறது வேற சார், கிட்ட போக வுடறது வேற."

அவர் கல்லாவைத் திறந்தார். அவருக்கு மூன்றும் பெண்கள் என்பது நமக்குப் பிறகுதான் தெரிந்தது. முதல் முகாமுக்கு அவர்தான் கொடுத்தார். அடுத்தடுத்த ஆண்டுகளுக்கும் கொடுத்தார்.

அந்த முதல் முகாமின் காலையை நினைத்துக்கொள்கிறேன். பவித்ரா என்று ஒரு பெண். அப்போது ஒன்பதாம் வகுப்பு. பேர் கேட்டால்கூடக் குனிந்துகொண்டு சொல்லுவாள். தொலைநோக்கியில் நீ காட்டிய கரண்டி மூக்குப் பறவையைப் பார்த்தவள் திடீரென்று கத்தினாள். "அக்கா! அந்தக் கரண்டிவாயன் தலைய ஆட்டி ஆட்டி வேணாம் வேணாம்னு சொல்லிக்கினே சாப்புடுது!" கூட இருந்த பெண்கள் எல்லாம் உருண்டு சிரித்தார்கள். நீ சிரிக்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நான் எவ்ளோ வருஷமா பாக்குறேன், எனக்குத் தோணலியேடி" என்றாய்.

பிறகு முதலாளி கடையை வாரிசுகளிடம் விட்டார். அவர்கள் உதவியை வேறு காரியங்களுக்குத் திருப்பினார்கள். அந்த நேரத்தில்தான் வீட்டுமனை விற்கும் ஒரு நிறுவனம் நம்மைக் கூப்பிட்டது. அடையாறில் குளிரூட்டிய அறை, நல்ல காபி. முகாமின் மொத்தச் செலவையும் வருடா வருடம் ஏற்றுக்கொள்வதாகச் சொன்னார்கள். பிள்ளைகளின் தொப்பியில் அவர்கள் பெயர் இருந்தால் போதுமாம். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

நீ ஒன்றே ஒன்று கேட்டாய். "உங்க மனைக்குப் போட்ட ரோடு ஏரிக்குத் தண்ணி வர்ற கால்வாயை மறிச்சிக்கினு கீது சார். அதுக்கு அடியில தண்ணி போக வழி வுடுவீங்களா?"

அந்த அதிகாரி சிரித்தார். "அது வேற டிபார்ட்மென்ட் மேடம். நாங்க சமூக சேவை மட்டும்தான் பாக்கறோம்."

நீ எழுந்துவிட்டாய். காபி ஆறிக்கொண்டிருந்தது.

வெளியே பஸ் நிறுத்தத்தில் வைத்து உன்னிடம் சண்டை போட்டேன். "நீ வேண்டாம்னுட்ட. இந்த வருஷம் காத்திருக்கற பொண்ணுங்க என்ன பண்ணுவாங்க? அடுத்த வருஷம் அதுல பாதி பேருக்குக் கல்யாணமே ஆயிடும்."

"தண்ணிய மறிச்சவன் காசுல அந்தத் தண்ணியக் காட்டச் சொல்றியா? அந்தப் பொண்ணுங்க மூஞ்சிய எப்டிடி பார்ப்பேன்?"

நாம் வேறு வேறு பஸ்ஸில் ஏறினோம். அந்த ஆண்டு முகாம் நடக்கவில்லை. நான் பயந்தபடியே சில பெண்கள் கல்யாணமாகிப் போனார்கள். ஏரிக்கரையைப் பார்க்காமலே.

அடுத்த ஆண்டு பவித்ராதான் போன் செய்தாள். அப்போது அவள் செங்கல்பட்டில் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள். "அக்கா, காசு இல்லன்னா இன்னா? சோறு எங்க வூட்ல ஆக்கிக் குடுக்குறோம். நீங்க ரெண்டு பேரும் மட்டும் வாங்க." கடற்கரையில் நடக்க வருகிறவர்களிடம் கேட்டு மீதியைச் சேர்த்தோம். அந்த முகாமில் பறவைகளைக் காட்டுவதோடு நிற்காமல், அந்தக் கால்வாயின் போக்கிலேயே பிள்ளைகளை நடக்க வைத்தாய். தண்ணீர் எங்கிருந்து புறப்படுகிறது, எந்த இடத்தில் நிற்கிறது என்று அவர்களே கண்ணால் பார்த்தார்கள். அந்த ரோட்டை அடைந்ததும் ஒவ்வொருத்தியாக ஏறி மறுபக்கத்தை எட்டிப் பார்த்தார்கள்.

ரோட்டுக்கு அடியில் தண்ணீருக்கு வழி விடச் சொல்லி அந்தப் பெண்கள் கிராம சபையில் எழுந்து கேட்டார்கள். ஊர்ப் பெரியவர்கள் அதட்டி உட்காரச் சொன்னார்கள். அடுத்த சபையிலும் கேட்டார்கள். அவர்களின் அம்மாக்களும் கூட வந்து உட்கார ஆரம்பித்தார்கள். அதற்குள் உனக்கு நோய் வந்துவிட்டது. மருத்துவமனைப் படுக்கையில் கிடந்துகொண்டு, "இன்னாச்சாம்?" என்று மட்டும் கேட்பாய். "பேசிட்டிருக்காங்க" என்பேன்.

நீ போன சில மாதங்களில் ஊராட்சி ஆட்கள் வந்து ரோட்டுக்கு அடியில் பெரிய குழாய் பதித்தார்கள். போன வாரம் போய்ப் பார்த்தேன். ஏரி நிரம்பவில்லை, பாதிதான் இருக்கிறது. குழாய் இன்னும் கொஞ்சம் ஆழத்தில் இருந்திருக்க வேண்டும் என்று பவித்ரா சொல்கிறாள், மறுபடி கேட்கப் போகிறார்களாம். ஆனால் தண்ணீர் வருகிறது. கலங்கலாக, குப்பையையும் சருகையும் தள்ளிக்கொண்டு, சத்தத்தோடு வருகிறது. பள்ளிப் பெண்கள் சிலர் கரை மேல் ஏறி நின்று வேடிக்கை பார்த்தார்கள். அவர்களை யாரும் இறங்கச் சொல்லவில்லை.

அந்தக் காசை வாங்கியிருந்தால் இது நடந்திருக்குமா? நடந்திருக்காது என்றுதான் தோன்றுகிறது. அப்படியென்றால் அந்த ஒரு வருடம் தவறிப்போன பெண்களுக்கு யார் பதில் சொல்வது? இப்போது யாரிடமும் கூச்சமில்லாமல் கேட்கிறேன், அது நீ கொடுத்தது. கொடுக்க வருகிறவர்களிடம் எதிர்க்கேள்வியும் கேட்கிறேன், அதுவும் நீ கொடுத்ததுதான். இந்தச் சண்டையை மட்டும் நான் விடவில்லை. ஊருக்குப் போகும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து தாம்பரம் தாண்டும்வரை உன்னோடு வாதாடிக்கொண்டே போகிறேன். சில நாள் நீ ஜெயிக்கிறாய். சில நாள் நான்.