துரை உரித்த சட்டை

இன்று காலை தொட்டியின் மூடியைத் திறந்ததும் ஈர மணல் வாசனை வந்தது. மணலின் மேல் அது கிடந்தது. இரண்டு கொடுக்கு, கால்கள், நூல் போன்ற மீசை, கண் இருந்த இரண்டு காம்புகள்கூட அப்படியே. பக்கத்தில் சங்கு பாதி புதைந்திருந்தது. போன வருடம் நீ ஆஸ்பத்திரியில் இருந்தபோது நான் பார்த்த அதே காட்சி. அன்று கையை நீட்டினேன். இன்று கையை மடியில் வைத்துக்கொண்டு வெகு நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு மூடியை மெதுவாகச் சாத்திவிட்டு இந்த நோட்டை எடுத்தேன்.

உனக்கு நான் கடிதம் எழுதுகிறேன், பார். ஒவ்வொரு எழுத்தையும் மூட்டையை இறக்குவது போலப் பார்த்துப் பார்த்து வைக்கிறேன். ஒரு வரி முடிந்ததும் நோட்டைத் தூரத்தில் பிடித்து ரசிக்கிறேன். மருமகள் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்துச் சிரிக்கிறாள். சிரிக்கட்டும். எழுபத்திரண்டு வயதில் வந்த சந்தோஷம், அதை ஒளித்துவைக்க எனக்குத் தெரியவில்லை. மெதுவாகத்தான் எழுதுவேன். நீயும் இனி எங்கும் போகப்போவதில்லை.

துறைமுகத்தில் நான் மூட்டை தூக்கினேன். நீ கப்பலடியில் நின்று எண்ணிக்கை எழுதினாய். எனக்கு எழுத்து தெரியாது, பெட்டிமேல் போட்ட படம் தெரியும். குடை போட்டிருந்தால் நனையக் கூடாது. கண்ணாடிக் கோப்பை போட்டிருந்தால் மெதுவாக வைக்க வேண்டும். கொக்கியைப் போட்டு அதன்மேல் குறுக்குக் கோடு இழுத்திருந்தால் கொக்கி மாட்டக் கூடாது, கையால்தான் தூக்க வேண்டும். அந்தப் படங்களை வைத்தே என் காலம் ஓடிவிட்டது.

ராயபுரத்தில் டீக்கடை பெஞ்சில் தினமும் எனக்கு முன்னால்தான் பேப்பர் கிடக்கும். நான் கையில் எடுத்து விரித்து வைத்துக்கொள்வேன். நீ வந்து உட்காருவாய்.

"இன்னா மாமு, இன்னா போட்டுக்கீறான் இன்னிக்கு?"

"கண்ணாடிய வூட்ல வுட்டுட்டு வந்துட்டேன்பா."

"குடு இங்க. என் கொரலை நானே கேட்டு ரொம்ப நாளாவுது."

வருடக் கணக்கில் தினமும் நான் கண்ணாடியை மறந்தேன். தினமும் நீ உன் குரலைக் கேட்க ஆசைப்பட்டாய். உன்னை ஏமாற்றிவிட்டதாக எனக்கு உள்ளுக்குள் ஒரு பெருமைகூட இருந்தது.

உன் மனைவி போன பிறகு, மகனும் வெளிநாட்டில் தங்கிவிட்ட பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து காத்திவாக்கத்துக்கு யாரையோ பார்க்கப் போனாய். திரும்பி வரும்போது கைக்குட்டைக்குள் ஒரு சின்ன நண்டைக் கொண்டுவந்தாய். சங்குக்குள் குடியிருக்கிற ஜாதி. ஆனால் அதற்குச் சங்கு இல்லை. தைலக் குப்பியின் மூடியைப் பின்பக்கத்தில் மாட்டிக்கொண்டு நடந்தது.

"வூடு இல்லாம கீறாரு மாமு. மூடிய மாட்டிகினு போறாரு. பாக்க பேஜாரா கீது."

அதற்குத் துரை என்று பெயர் வைத்தாய். மூன்று சங்குகளை வெந்நீரில் கழுவி வரிசையாக வைத்தாய். துரை ஒவ்வொன்றிலும் கொடுக்கை விட்டு அளந்து பார்த்தது. நீ தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு, "இன்னா தொர, தண்ணி வருமான்னு கேக்கறியா? அட்வான்ஸ் எல்லாம் வாணாம், சும்மா வா" என்று அதனிடம் பேசினாய். இரண்டு நாள் கழித்து, நாம் இருவரும் பார்க்காத நேரத்தில் குடிபோய்விட்டது. நீ கைதட்டினாய். உன் வீட்டில் வெகு நாளைக்குப் பிறகு அன்றுதான் சிரிப்புச் சத்தம் கேட்டது.

ஆஸ்பத்திரிக்குப் போகிற அன்று தொட்டியை என் வீட்டுக்குத் தூக்கி வந்தாய். இரண்டு படி ஏறுவதற்குள் உனக்கு மூச்சு வாங்கியது. துரை மண்ணுக்குள் போய் ஒரு மாதம் ஆகியிருந்தது. மூடியின்மேல் மையால் கொக்கிப் படம் போட்டுக் குறுக்கே கோடு இழுத்திருந்தாய். பார்த்ததும் புரிந்தது. தோண்டி எடுக்கக் கூடாது. பிறகு மடித்த சீட்டு ஒன்றைக் கொடுத்தாய்.

"எல்லாம் இதுல எழுதிக்கீறேன் மாமு. நான் வர்ற வரைக்கும் தொரைய பாத்துக்கோ. எனக்குன்னு இங்க கீறது அவரு ஒருத்தர்தான்."

"நீ போய்ட்டு வா. நான் பாத்துக்கிறேன்."

சீட்டை வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டேன். மருமகள் உள்ளேதான் இருந்தாள். கூப்பிட்டுப் படிக்கச் சொல்லியிருக்கலாம். அவள் கல்யாணமாகி வந்து ஆறு வருடம். அவள் முன்னாலும் நான் பேப்பரை விரித்துவைத்து உட்காருகிறவன். எப்படிக் கேட்பேன்?

பத்தாவது நாள் காலையில் மணலின் மேல் துரை கிடந்தது. அசையவில்லை. சங்கை விட்டு வெளியே வந்து கிடந்தது. சங்கை விட்டு வெளியே வந்தால் செத்தது என்றுதான் எங்கள் பக்கத்தில் எல்லோரும் சொல்வார்கள். நான் காசிமேட்டில் பிறந்தவன். செத்த நண்டு எவ்வளவு சீக்கிரம் நாறும் என்று எனக்குத் தெரியும். இது நாறவில்லை. கையில் எடுத்தபோது காய்ந்த பூ மாதிரி கனமே இல்லாமல் இருந்தது. அப்போதாவது யோசித்திருக்க வேண்டும். எனக்கு உன் முகம்தான் ஞாபகம் வந்தது, வேறு எதுவும் ஓடவில்லை. வாழையிலைத் துண்டில் சுற்றி எடுத்துப்போய், கடற்கரைப் பாறைகளுக்கு நடுவே தண்ணீரில் விட்டேன். தொட்டியை வெயிலில் தூக்கி வைத்தேன். மணல் காய்ந்ததும் கொட்டிவிட்டுக் கழுவிவைக்கலாம் என்று நினைத்தேன்.

அன்று மாலை உன் கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தேன். மூக்கில் குழாய். குரல் பாதிதான் வந்தது.

"எப்பிடி கீறாரு தொர?"

"தூங்கினு கீறாரு. நல்லா கீறாரு."

"சீட்ட படிச்சியா?"

"படிச்சேன்."

நீ என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாய். பிறகு ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாய். "அப்போ சரி மாமு" என்றாய். அதற்குப் பிறகு நீ என்னிடம் எதுவும் பேசவில்லை. மறுநாள் விடிவதற்குள் முடிந்துவிட்டது.

உன்னைத் தூக்கிய நாலு பேரில் நானும் ஒருவன். எத்தனையோ பாரம் ஏற்றிய தோள் இது. நீ கனக்கவே இல்லை. மண் போடும்போது எல்லோரும் ஒரு பிடி போட்டார்கள். நான் கையில் அள்ளிய மண்ணோடு, பொய் சொல்லி அனுப்பிவிட்டேனே என்று நின்றேன்.

வீட்டுக்கு வந்து குளித்துவிட்டுத் தொட்டியைக் கவிழ்க்கப் போனேன். மணல் அசைந்தது. சங்கு ஒரு பக்கமாகச் சாய்ந்து, அதற்குள்ளிருந்து ஒரு கொடுக்கு வந்தது. வெளுத்து, குழந்தையின் நகம் போல மெத்தென்று இருந்தது. நான் போட்ட கத்தலில் மருமகள் ஓடிவந்தாள்.

"செத்துப் போய்ட்டான்மா. நான்தான் கடல்ல வுட்டேன். மறுபடி வந்துகீறான்."

"மாமா, அங்கிள் ஒரு சீட்டு குடுத்தாரே, எங்க அது?"

சீட்டை எடுத்துக் கொடுத்தேன். "எனக்குப் படிக்க வராதும்மா" என்று அப்போதுதான் முதல் தடவையாக வேறொருவரிடம் வாய்விட்டுச் சொன்னேன். அவள் ஆச்சரியப்படவில்லை. சீட்டை ஒரு முறை தனக்குள் பார்த்துவிட்டுச் சத்தமாகப் படித்தாள்.

துரை மண்ணுக்குள் போய்ப் பழைய சட்டையை உரிப்பான். மேலே கிடந்தால் செத்தவன் போலத் தெரியும், நம்பாதே. அதை எடுக்காதே, அதைத் தின்றுதான் அவன் உடம்பு இறுகும். வெளியே வந்த பிறகும் தொடாதே. மணல் காயக் கூடாது. நல்ல தண்ணீர் ஒரு மூடி, கடல் தண்ணீர் ஒரு மூடி. படகு நிற்கிற பக்கம் எடுக்காதே, டீசல் மிதக்கும்.

அவன் தின்ன வேண்டியதை நான் கடலில் விட்டிருந்தேன். நின்று யோசிக்க நேரமில்லை. தொட்டியை நிழலுக்குக் கொண்டுவந்து மணலை நனைத்தோம். திருவொற்றியூர் தாண்டி பஸ்ஸில் போய் கேனில் தண்ணீர் கொண்டுவந்தேன். கணவாய் மீனின் ஓட்டைக் கல்லில் தேய்த்துப் பொடியாக்கினேன். கருவாட்டுக் கடையில் உப்புப் போடாத இறாலாகத் தேடி வாங்கினேன். முட்டை ஓட்டை மருமகள் வறுத்து நுணுக்கினாள். ஐந்து நாள் துரை எதையும் தொடவில்லை. சங்கின் வாயில் தலையை வைத்துக்கொண்டு சும்மா இருந்தது. ஆறாவது நாள் ஓட்டுப் பொடியைக் கொஞ்சம் கிள்ளி வாயில் வைத்தது. நான் மருமகளைக் கூப்பிட்டேன். கூப்பிட்ட வாய் உன்னைத்தான் கூப்பிட்டது, உன் பெயர்தான் வந்தது. அவள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

துரை பிழைத்தது. ஒரு கால் மட்டும் சரியாக இறுகாமல் வளைந்துவிட்டது. நடக்கும்போது அந்தப் பக்கம் மணலில் கோடு இழுக்கும். அந்தக் கோடு நான் போட்டது.

அந்த வாரமே மருமகளிடம் ஒரு நோட்டு கேட்டேன். எட்டு மாதம் ஆயிற்று. எழுத்துகள் ஒன்றோடொன்று கைகோத்து வார்த்தையாக நின்ற அன்று, கடைப் பலகை, பஸ் பலகை, தீப்பெட்டி, எதையும் விடாமல் படித்தேன். எனக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டுக்கு ஓடிவந்து உன் சீட்டைப் பிரித்தேன். இனி உன் குரலை நானே கேட்டுக்கொள்ளலாம் என்ற ஆசை.

மேலே, மருமகள் படிக்காமல் விட்ட நான்கு வரிகள் இருந்தன.

"மாமு, உனக்குப் படிக்க வராதுன்னு எனக்குத் தெரியும். ரொம்ப வருசமா தெரியும். வெக்கப்படாம மருமவ கைல குடு. படிச்சேன்னு மட்டும் என்கிட்ட சொல்லாத."

அவளிடம் போய் நின்றேன். ஏன் விட்டாய் என்று கேட்கவில்லை, அவளே சொன்னாள்.

"அன்னிக்கு அதையும் படிச்சிருந்தா நீங்க ஒரு வாய் சோறு துன்னுருப்பீங்களா மாமா?"

அதனால்தான் நீ கொக்கிப் படம் போட்டாய். அதனால்தான் தினமும் பேப்பரைச் சத்தமாகப் படித்தாய். நான்தான் உன்னை ஏமாற்றினேன் என்று இருந்தேன். உனக்காக நீ சீட்டில் செய்யாதே என்று கேட்டது ஒன்றே ஒன்றுதான். அந்த ஒன்றைத்தான் உன் கடைசி மாலையில் நான் செய்தேன். ஜன்னல் பக்கம் திரும்பினாயே, அங்கே என்ன பார்த்தாய்? "அப்போ சரி" என்றாயே, எது சரி?

மதியம் மறுபடி போய்ப் பார்த்தேன். தொட்டிக்குள் சின்னதாக ஒரு நறநறச் சத்தம். மூடியைத் திறக்கவில்லை. காதை மட்டும் வைத்துக் கேட்டேன். இந்தத் தடவை துரை தன் சட்டையைத் தானே தின்றுகொண்டிருக்கிறது. வளைந்த கால் நிமிருமோ என்னவோ, வெளியே வந்தால்தான் தெரியும்.

மூடியில் நீ போட்ட கொக்கியை நான் அழிக்கவில்லை. அதன் கீழே என் கையால் எழுதியிருக்கிறேன்: "மேலே கிடப்பதை எடுக்காதீர். படிக்கத் தெரியாவிட்டால் யாரையாவது கேளும்." எழுதிய பிறகுதான் உறைத்தது. படிக்கத் தெரியாதவன் இதை எப்படிப் படிப்பான்? ஆனால் நீயும் அப்படித்தான் எழுதியிருந்தாய். அதனால் அடிக்கவில்லை, அப்படியே விட்டுவிட்டேன்.

இவ்வளவும் எழுதியது ஒரு வரிக்காகத்தான். அதை முதலிலேயே எழுதியிருக்கலாம், கை வரவில்லை. எந்த மூட்டையையும் இத்தனை நாள் நான் தோளில் வைத்திருந்ததில்லை.

அன்று நான் சீட்டைப் படிக்கவில்லை.