மூடி மேல் மூன்று புளியங்கொட்டை

நேற்று ஊறப்போட்ட ராஜ்மா பயறின் தண்ணீரை மருமகள் இன்று காலை கொட்டினாள். அந்தப் பச்சை வாசம் வந்ததும் உன் நினைவும் வந்துவிட்டது.

நானே எழுதுகிறேன். சிரிக்காதே. நீ போன பிறகு முதியோர் கல்வி வகுப்பில் சேர்ந்தேன். ஒரு வரி எழுதுவதற்குள் டீ ஆறிவிடுகிறது. ஆனாலும் சந்தோஷமாக இருக்கிறது.

ஓசூர் கம்பெனி கேன்டீனில் சமைத்த நம் இருவருக்குமே எழுத்து தெரியாது. அதனால் பயறு வேகும் அண்டாவின் மூடி மேல் அடையாளமாகப் புளியங்கொட்டை வைப்போம். ஊறிய தண்ணீரைக் கொட்டினால் ஒன்று. புதுத் தண்ணீரில் தளதளவென்று கொதித்தால் இரண்டு. விரலில் மசிந்தால் மூன்று. மூன்றும் இருந்தால்தான் பரிமாறலாம். நீ போட்ட சட்டம் அது.

வடக்கத்தி ஆட்கள் கேட்டார்கள் என்று முதன்முதலாக ராஜ்மா போட்ட நாள். அடுப்பு மந்தமாக எரிந்தது. சாப்பாட்டு நேரம் நெருங்கியது. அண்டா ஓரத்தில் குமிழி வந்ததுமே மூன்று கொட்டையையும் வைத்துவிட்டேன். நீ அண்டாவிலிருந்து ஒரு பயறை எடுத்து நசுக்கினாய்.

"மச்சா, இது யாரு வெச்ச கொட்டை?"

"நான்தான். மெத்துனுதானே இருக்குது?"

"உன் மண்டைதான் மெத்துனு இருக்குது. இத அரைவேக்காடா தின்னா வாந்தி பேதிதான். ஒரு ஷிப்டே படுத்துரும்."

சங்கு ஊதியது. தட்டோடு வரிசை நின்றது. மேனேஜர் ஓடிவந்தார். நீ கரண்டியோடு அண்டாவை மறைத்து நின்றாய்.

"வேகல சார். இன்னிக்கு ரசந்தான்."

"யார் செஞ்ச தப்பு?"

"அடுப்பு செஞ்ச தப்பு சார்."

என் பெயரைச் சொல்லியிருந்தால் அன்றே வேலை போயிருக்கும். வரிசையில் வந்த அத்தனை பேர் திட்டையும் நீயே வாங்கிக்கொண்டாய். பிறகு தனியாக ஒன்று சொன்னாய்: "கொட்டைதான் நம்ம கையெழுத்து மச்சா. பொய்யா வெக்காத."

இன்று மருமகள் ராஜ்மாவை அடுப்பில் ஏற்றிவிட்டுக் கடைக்குப் போனாள். மகன் ஷிப்டுக்குக் கிளம்பும் அவசரத்தில் அதை எடுத்துப் போட்டுக்கொள்வான் என்று பயந்தேன். வேகவில்லை என்று சொல்ல நம்மிடம் கொட்டை இருந்ததில்லை; அதற்கு நீதான் குறுக்கே நிற்க வேண்டியிருந்தது. ஒரு காகிதத்தில் எழுதி அடுப்பு மேடையில் வைத்தேன்: "இன்னும் வேகவில்லை. தொடாதே."

மகன் வாசித்தான். "நீயாப்பா எழுதுன?" என்று சிரித்துவிட்டு, தயிர்சோறு சாப்பிட்டுப் போனான்.

காகிதம் பறக்காமல் இருக்க அதன் மேல் ஒரு புளியங்கொட்டையும் வைத்திருந்தேன். ஒன்றுதான். அப்போது அதுவரைதான் நிஜம்.