பதினோராவது நாவலின் பின்பாதி

பங்காருபாளையம்
14-6-2000

டேய் கிரண்,

சௌக்கியமான்னு கேக்கமாட்டேன். போட்டோவுல தொப்பையே சொல்லுது. காலேஜை வுட்ட நான் மாம்பழக்கூழ் ஃபாக்டரியில நின்னுக்கினு இருக்கேன். கையெல்லாம் பிசுபிசு. லெட்டர் ஒட்டிக்கினா திட்டாதே.

நம்ம கிழவன் செத்துட்டானாமே? பேப்பர்ல பாத்தேன். அமெரிக்காவே கொண்டாடின ஆளு, ஆயுசு பூரா எழுதினது பதினோரு நாவல்தான். பதினொண்ணும் திருப்பதி பழைய புக் கடையில நாம பொறுக்கினோம். ஒவ்வொண்ணையும் நடுவுல கிழிச்சு அலிபிரி மலைப் படியில உக்காருவோம். முன்பாதிய முடிச்சு எனக்குத் தருவே, நீ பின்பாதிக்குப் போவே. கதையப் பத்தி மட்டும் வாயத் தொறக்கக்கூடாது.

கடைசி நாவலோட பின்பாதிய அமெரிக்கா பிளேன்ல படிச்சுட்டு அனுப்பறேன்னு எடுத்துக்கினு போனே. ரெண்டு வருஷம் ஆச்சு. இங்க எங்கிட்ட இருக்கற முன்பாதியோட கடைசி வரியில லீனா ரயில் படியில ஒரு காலை வெச்சுக்கினு நிக்கறா. ஊரை வுட்டுப் போறாளா, எறங்கிடறாளா? அனுப்புடா.

நாகேந்திரன்

ஒஹாயோ
9-8-2000

அன்பு நாகா,

கோச்சுக்காதே. வீடு மாத்தினப்போ அந்தப் பாதி எங்கியோ போயிடுச்சு. உண்மையச் சொல்லிடறேன், பிளேன்ல தூங்கிட்டேன். ஒரு பக்கம்கூடப் படிக்கல.

பதினொண்ணையும் இங்க ஒரே பெட்டியாப் போட்டு விக்கறான். அந்த மனுஷனோட மொத்த உழைப்பும் என் மடியில அடங்கிடுச்சுடா. உனக்கு பார்சல் பண்ணிட்டேன். எல்லாம் கெட்டி அட்டை, இனிமே கிழிக்க வேணாம்.

அவர் வீடு நான் ஆபீஸ் போற வழியிலதான். ஒருநாள்கூட வண்டிய நிறுத்தினதில்ல. படிக்கறதே போயிடுச்சு நாகா. முடிவ நீயே படிச்சுக்கோ.

உன் கிரண்

பங்காருபாளையம்
3-10-2000

டேய் கிரண்,

பார்சல் வந்துச்சு. பத்து புக்கு பீரோவுல இருக்கு.

பதினோராவதை லீனா நிக்கற எடத்துல கிழிச்சேன். கெட்டி அட்டை, லேசுல வரல. ஃபாக்டரியில மாங்கா அறுக்கற கத்தியால அறுத்தேன். கூட வேலை செய்யற ரத்னம்மா அக்கா, "புதுப் புக்கைப் போய் அறுக்கறியே, பைத்தியமாடா?"ன்னு கத்துச்சு. "இது ரெண்டு பேர் புக்கு"ன்னேன்.

பின்பாதி இதோட வருது. நான் ஒரு வரிகூட பாக்கல. கிழவன் வீட்டுக்கு எதிர்ல வண்டிய நிறுத்து, தினம் பத்து பக்கம் படி. மொதல்ல நீ, அப்புறம் நான். அதான்டா முறை.

அதுவரைக்கும் லீனா நிக்கட்டும். அவளுக்குக் கால் வலிச்சா நீதான் பொறுப்பு.

நாகேந்திரன்